முளைக்கட்டைகளின் திருநாள்

லா ஹோயா
20 பிப்ரவரி 1879

அதில்ல நிக்கா, மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல நீ இதைக் கேளு. என் சௌசௌப் பந்தலுக்கு நட்ட நடுவுல ரயில் பாதை அளக்கற முளைக்கட்டை ஒண்ணு நிக்குது. உன் கைவேலைதான்னு தச்சன் ரூஃபோ சொல்றான். பெத்த புள்ளை மாதிரி வளர்த்த அத்தையோட பந்தல்னு தெரிஞ்சுமா அடிச்சே? ஒரு முழம் தள்ளி அடிச்சா உங்க ரயிலு கோவிச்சுக்குமா?

சரி, போகட்டும். மாதா புண்ணியத்துல நான் சுகம். முழங்கால் மட்டும் மழைக்கு முன்னாடியே முனகுது. கோழிங்க சுகம். பன்னியை வித்து உனக்கு பூட்ஸ் வாங்கினதுலேர்ந்து கொல்லைதான் வெறிச்சுனு கிடக்கு. நீ எப்படி இருக்கே? காட்டுல சோளரொட்டி சுட யாராவது இருக்காங்களா? உங்க பெரிய வெள்ளைக்காரர், ஹாலெட்டோ என்னமோ, அவர் பூசைக்குப் போறவரா? கேட்டு எழுது.

நீங்க போன வழியெல்லாம் கட்டைங்க. மேட்டுல, சரிவுல, ஆத்துத்துறையில துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துலகூட ஒண்ணு. பெத்ரோனிலா அது மேல ஈரத்துணியைக் காயப் போட்டுட்டா. "அடியே, அது சர்க்கார் கட்டைடி"ன்னேன். "சர்க்காருக்கு என் உள்பாவாடையைப் பார்க்கக் கசக்குதாக்கும்"ங்கிறா. பக்கத்து வீட்டுல இப்படி ஒரு வாயைக் குடியேத்தி வச்சிருக்கார் ஆண்டவர், என் பாவத்துக்கு.

அதிகாரி வீட்டுக் கதவுல காகிதம் ஒட்டியிருக்கு. கட்டையைப் பிடுங்கினவன் ஆம்பிளையோ பொம்பிளையோ, விலங்கு மாட்டிக் கடற்கரை வேலைக்கு அனுப்புவாங்களாம். அங்க போனவன் காய்ச்சல் கண்டு போயிடுவான், திரும்பறதில்லைன்னு எல்லாருக்கும் தெரியும். இந்த ஊர்ல யார் பிடுங்கப் போறா? ஞானஸ்நானம் வாங்கினவங்கதானே எல்லாரும்.

உங்க முகாமுக்குச் சாமான் கொண்டு போற இலாரியோ கோவேறு கழுதைக்கு லாடம் அடிச்சிட்டிருக்கான், அவன் கையிலதான் குடுத்து விடறேன். ஆகஸ்ட்டுல சம்மனசுகளின் மாதா திருநாளுக்கு நீ வந்துடணும். ராத்திரி ஜெபம் சொல்லாம படுக்காதே.

உன் அத்தை,
பிபியானா


ஆற்றங்கரை முகாம்
9 மார்ச் 1879

அன்புள்ள அத்தைக்கு,

நானும் பூட்ஸும் நலம். உங்கள் முழங்காலுக்குக் கற்பூர எண்ணெய் தடவுங்கள்; மழை வரும் என்று அது சொல்வதை மட்டும் நம்பாதீர்கள், மழைக்கு முன் எங்களுக்கு வேலை நிறைய இருக்கிறது.

பந்தலுக்காக மன்னியுங்கள். கட்டை எங்கே விழ வேண்டும் என்று நான் சொல்வதில்லை, மூன்று கால் மேல் நிற்கும் அளவுக் கண்ணாடி சொல்கிறது. நான் அடிக்கிறவன் மட்டும். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு அடிப்போம். ஒன்று, தலையில் ஆணி வைத்த சின்னக் கட்டை. அதைப் புல்மட்டத்துக்கு மண்ணுக்குள் இறக்கிவிடுவோம். உயரம், தூரம் எல்லாம் அதன் தலையில் வைத்துத்தான் அளக்கிறார்கள். பக்கத்தில் பெரிய கட்டை, மண்ணுக்கு மேலே கை நீளம் நிற்கும், தாரால் எண் போட்டிருக்கும். முகாமில் சின்னதைக் குட்டி என்றும் பெரியதைத் தாய் என்றும் சொல்வோம். ஒரே மழையில் குட்டியைப் புல் மூடிவிடும். தாய் நிற்பதைப் பார்த்துத்தான் குட்டியைத் தேட முடியும்.

மலையிடுக்கில் நாங்கள் வெட்டிய ஒரே தடம்தான் உள்ளே வரவும் வெளியே போகவும் வழி. இரண்டு பக்கமும் பாறை, கீழே ஆறு. இங்கே வேலை முடிந்ததும் மேலேயிருந்து வேறொரு ஆள் வந்து லா ஹோயாவிலிருந்து கட்டை கட்டையாகச் சரிபார்ப்பார். எங்கள் கணக்கோடு ஒத்துப்போனால் எல்லாரையும் விடுவிப்பார்கள். ஒத்துப்போகாவிட்டால் ஒத்துப்போகும்வரை இங்கேதான். அது நடக்காது. திருநாளுக்கு வந்துவிடுவேன், கவலை வேண்டாம்.

மிஸ்டர் ஹாலெட் பூசைக்குப் போகிறவர் இல்லை. ஆனால் சாப்பிடும் முன் தொப்பியைக் கழற்றுகிறார்.

தங்கள் அன்புள்ள,
நிக்கனோர்


லா ஹோயா
6 மே 1879

என் கண்ணு நிக்கா,

தபசு காலம், பெரிய வெள்ளி, பாஸ்கான்னு எழுத நேரமே இல்லை. உடம்பு எப்படி இருக்கு? கொயினா மாத்திரையைக் கசக்குதுன்னு துப்பிடாதே. எனக்கு முழங்கால் தேவலை, இப்ப இடுப்பு.

இந்தச் சேதியை உனக்குச் சொல்லாம எனக்கு மூணு நாளா சோறு இறங்கலை. சிலுவைத் திருநாளன்னிக்கு வழியில நட்டமா நிக்கிற எந்த மரத்தையும் மொட்டையா விடக்கூடாதுன்னு உனக்குத் தெரியும். எங்கப்பா மாட்டுத் தொழுவத்துத் தூணுக்குக்கூடக் குறுக்குச் சட்டம் கட்டிப் பூ சுத்துவார். விடியக்காலம் நான் கோயிலுக்குப் போறேன், வழி நெடுக உன் கட்டைங்க நிக்குது. கையில்லாம, பூவில்லாம, பேர் தெரியாத பொணத்துக்கு நட்டு வச்ச மாதிரி. நீ தொட்டு அடிச்ச கட்டை, நீயே மழையில மொட்டைத் தலையோட நிக்கிற மாதிரி இருந்துச்சு.

பெத்ரோனிலாவைக் கூப்பிட்டேன். அவ ரூஃபோவைக் கூப்பிட்டா. அப்புறம் ஊரே வந்துடுச்சு. பிடுங்கினோம்னு மட்டும் சொல்லாதே. ஆசீர்வாதத்துக்குக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனோம், அவ்வளவுதான். எல்லாத்துக்கும் குறுக்குச் சட்டத்தால கை வச்சு, பூ சுத்தி, வரிசையா நிறுத்தினோம். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிச்சு, "இத்தனை சிலுவை இந்தப் பள்ளத்தாக்குல நான் பார்த்ததில்லை"ன்னு கண்ணைத் துடைச்சிக்கிட்டார். ஒவ்வொரு கட்டைக்கும் நான் உன் பேரைச் சொல்லி ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னேன். நீ பத்திரமா வந்து சேரணும்னு.

சாயங்காலமே திருப்பிக் கொண்டாந்து நட்டாச்சு. அவங்கவங்க எடுத்துட்டுப் போனதை அவங்கவங்க. பூ வாடாம இருக்கணும்னு சிலர் நிழல் பக்கமா வச்சாங்க. ரூஃபோ தான் தூக்கிட்டுப் போன ரெண்டுல ஒண்ணை மேட்டுல ஏத்திட்டான், கீழ இருந்தா வெள்ளம் கொண்டு போயிடும்னு. பந்தல்ல இருந்ததை நான் வேலியோரமா வச்சேன். கோவிச்சுக்காதே, சௌசௌவும் பிழைச்சுது, சிலுவையும் போறவங்க வர்றவங்க கும்பிட வாகா நிக்குது.

இலாரியோகிட்ட உனக்கு ஒரு சின்னச் சிலுவை குடுத்து விட்டிருக்கேன். ரூஃபோகிட்ட நல்ல மரத்துண்டு ஒண்ணு மிச்சம் இருந்துச்சு, அதுல செதுக்கச் சொன்னேன். குருத்தோலை ஞாயிறுக்கு மந்திரிச்ச ஓலையை அது மேல சுத்தி நூல் கட்டியிருக்கேன். ஓலையைப் பிரிச்சுடாதே, பிரிச்சா ஆசீர்வாதம் போயிடும். படுக்கைக்கு மேல தொங்க விடு.

இனி உனக்கு ஒண்ணும் வராது.

அத்தை பிபியானா


ஆற்றங்கரை முகாம்
28 மே 1879

அன்புள்ள அத்தைக்கு,

நலம். உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது?

சிலுவை வந்தது. ஓலையைப் பிரிக்கவில்லை. என் தொங்குபடுக்கைக்கு மேலே கட்டியிருக்கிறேன்.

கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன், பிறகு அடுப்பில் போட்டேன்; இங்கே ஈரத்தில் காகிதம் பூசணம் பிடிக்கிறது. நான் வேலையிலிருந்து திரும்புவதற்குள் இலாரியோ பொட்டலத்தை வைத்துவிட்டுப் புறப்பட்டுவிட்டார். அவர் போன மறுநாள் மலை சரிந்து, நாங்கள் வந்த தடம் மூடிக்கொண்டது. ஆற்றுக்குக் குறுக்கே கயிறு கட்டியிருக்கிறார்கள். கடிதப் பை அதில் போகும், வரும். மனிதன் போக மிஸ்டர் ஹாலெட்டின் கையெழுத்து வேண்டும்.

இனி கடிதங்கள் கம்பெனிப் பையில்தான். எங்கள் குமாஸ்தா தோன் அபெலார்தோ போகிற, வருகிற கடிதம் எல்லாவற்றையும் தாமே பார்த்து அனுப்புகிறார். ஆகவே உடல்நலத்தையும் புனிதர்களையும் பற்றி மட்டும் எழுதுங்கள், அவருடைய நேரத்தை நாம் வீணாக்க வேண்டாம்.

மார்ச்சில் நான் எழுதிய கடிதம் உங்களிடம் இருக்கிறதா? தாயும் குட்டியும் பிரிந்திருப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஒவ்வொரு தாயும் தன் குட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறதா? அதை மட்டும் எழுதுங்கள்.

நிக்கனோர்


லா ஹோயா
12 ஜூன் 1879

என் ராசா,

உன் கடுதாசியைப் படிச்சிட்டு உக்காந்து அழுதேன். தாய், குட்டின்னு எழுதியிருக்கியே, உங்கம்மா ஞாபகம்தானே? அவ உன்னை என் மடியில போட்டுட்டுக் கண்ணை மூடினப்ப நீ கைப்பிடி அளவு இருந்தே. காட்டுல தனியா இருக்கறப்ப இதெல்லாம் வரும். அவ மோட்சத்துல இருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கா. அழாதே. தோன் அபெலார்தோவுக்கு என் வணக்கம் சொல்லு. எல்லார் கடுதாசியையும் பார்த்து அனுப்பறாராமே, எவ்வளவு நல்ல மனுஷன்! அவர் கண்ணு நல்லாயிருக்கப் புனித லூசியம்மாள்கிட்ட வேண்டிக்கிறேன்.

நான் சுகம். இருமல் இருக்கு, போயிடும்.

நீ சொன்ன சரிபார்க்கிற ஆள் வந்துட்டார். சிவப்புத் தாடி, ஆள் நெட்டை. முதல் சிலுவையைப் பார்த்ததும் தொப்பியைக் கழட்டினார், நல்லவர்னு நினைச்சேன். அப்புறம் மூணு கால் மேல பெட்டியை வச்சு எட்டிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். குச்சியால புல்லை விலக்கி என்னமோ தேடினார். தொப்பியைத் தூக்கித் தரையில அடிச்சார். கூட வந்த கூலியாள் நம்ம பாஷையில சொன்னான்:

"இதை அடிச்சவன் குடிச்சிட்டு அடிச்சானான்னு துரை கேக்கறார்."

எனக்கு வந்துச்சே கோவம்! "டேய், உன் துரைகிட்ட சொல்லு. இதை அடிச்சது என் அண்ணன் மவன் நிக்கனோர். அவன் திருநாளுக்குக்கூட ஒரு மடக்கு குடிக்க மாட்டான். இந்த வழியில இருக்கற அத்தனையும் அவன் ஒருத்தன் அடிச்சது, எழுதிக்கச் சொல்லு!"ன்னேன்.

எழுதிக்கிட்டார் நிக்கா. பேரை நான் ரெண்டு தடவை சொன்னேன், தப்பா எழுதிடப் போறாரேன்னு.

இனி உன் மேல யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. கொயினா சாப்பிடு.

அத்தை


ஆற்றங்கரை முகாம்
1 ஜூலை 1879

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் இருமல் குறைந்ததா? எனக்குக் காய்ச்சல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. வராத நாளில் நலம்.

லா ஹோயாவிலிருந்து வந்த கணக்கு எங்கள் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. தவறு முளை அடித்தவனுடையது என்று எழுதி வந்திருக்கிறது, பெயரும் எழுதி வந்திருக்கிறது. நான் மறுக்கவில்லை. காரணம் தெரிகிறவரை முகாமில் ஒருவரும் வெளியேற முடியாது. சமையல்காரரைச் சனிக்கிழமை புதைத்தோம். மற்றவர்கள் என்னோடு பேசுவதில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

திருநாளுக்கு வர முடியாது.

அத்தை, இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மே மாதம் ஆசீர்வதித்த சிலுவைகளை ஆகஸ்ட்டில் அவை முதன்முதல் நின்ற மண்ணுக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார்களாம். முதல் மண், அங்குலம் பிசகாமல். அப்படிச் செய்தால் தூரத்தில் இருப்பவர்கள் வீடு திரும்புவார்களாம். நம் ஊரிலும் செய்தால் நல்லது. சாமியாரிடம் கேளுங்கள். மழை வலுக்கும் முன் கேளுங்கள்.

நிக்கனோர்


லா ஹோயா
15 ஜூலை 1879

நிக்கா,

காய்ச்சல்னு எழுதியிருக்கே, படிச்ச கையோட மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏத்திட்டேன். எலுமிச்சையும் வெல்லத் தண்ணியும் சுடச்சுடக் குடி. என் இருமலுக்கு அதான் கேட்டுது.

சாமியார்கிட்ட போனேன். அப்படி ஒரு வழக்கம் ரோமாபுரியிலயும் கிடையாது, நம்ம கர்த்தாகோ பட்டணத்துலயும் கிடையாதுங்கிறார். "நட்டு ஆசீர்வதிச்ச சிலுவையை அசைக்கறது பாவம், பிபியானா. யார் இப்படிச் சொன்னது?"ன்னார். நிக்கனோர்னேன். "பிரசங்கம் முழுக்கத் தூங்கின பய, அவனா?"ன்னார். சாமியார் முன்னாடி என் முகம் சிவந்து போச்சு.

எனக்கு ஒண்ணு புரியலை. முதல்ல தாய், குட்டி. இப்ப முதல் மண்ணு. நீ எதையோ மறைக்கிறே. பெத்ரோனிலா சொல்றா, "உன் மருமவன் அங்க எவளையோ சேர்த்துக்கிட்டு ஒரு குட்டியும் பெத்துட்டான், சொல்ல வாய் வராம சுத்தி வளைக்கறான்"னு. நான் அவளைத் துடைப்பத்தால அடிக்கலை, அவ்வளவுதான் குறை. ஆனா நிக்கா, அப்படியிருந்தா சொல்லிடு. ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா. சாமியார் முன்னாடி நிறுத்தி முடிச்சுப் போட்டுடலாம். திட்டமாட்டேன். கொஞ்சமாத் திட்டுவேன்.

சிவப்புத் தாடி இன்னும் இங்கதான். என் கொட்டாயிலதான் அவரோட கூலியாள் சாப்பிடறான்.

அத்தை


ஆற்றங்கரை முகாம்
30 ஜூலை 1879

அன்புள்ள அத்தைக்கு,

பேனா பிடிக்க முடியாததால் நான் சொல்லச் சொல்ல தோன் அபெலார்தோ எழுதுகிறார். நலம். நீங்கள் நலமா?

இங்கே பெண் யாரும் இல்லை. குழந்தையும் இல்லை. நான் திருமணம் செய்யவில்லை.

படுக்கைக்கு மேலே உங்கள் சிலுவை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன். ஆற்றுச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. மார்ச் கடிதத்தை ஒரு முறை படியுங்கள். தாய் இருக்கும் இடம் பொய், குட்டி இருக்கும் இடம் உண்மை.

நிக்கனோர்

பின்குறிப்பு: மதிப்புக்குரிய அம்மா, இது குமாஸ்தா அபெலார்தோ சொந்தமாக எழுதுவது. தங்கள் மருமகன் காய்ச்சலில் ஓயாமல் தாய் என்றும் குட்டி என்றும் பிதற்றுகிறான். மிஸ்டர் ஹாலெட்டும் கவனித்துக் கேட்டார். அது என்ன தாய், என்ன குட்டி, எந்த ஊர் விஷயம் என்று தாங்கள் மறைக்காமல் விளக்கினால் அவனுக்கு நல்லது.


லா ஹோயா
8 ஆகஸ்ட் 1879

நிக்கா,

நான் சுகம். நீ தேறிடுவே.

நேத்து சிவப்புத் தாடியோட கூலியாள் சாப்பிடறப்ப துரை புல்லுக்குள்ள தேடறது எதைன்னு பேச்சுவாக்குல சொன்னான். அவன் போனதும் உன் மார்ச் கடுதாசியை எடுத்து, மாதா படத்துக்கு முன்னாடி உக்காந்து படிச்சேன்.

தோன் அபெலார்தோவுக்கு: ஐயா, எல்லாம் எங்க வீட்டுப் பன்னிங்க விஷயம். எங்களுக்கு நிறையப் பன்னி உண்டு. மே மாசம் ஒரு குழப்பத்துல தாய்ங்க தொழுவம் மாறிப் போயிடுச்சு, குட்டிங்க தனியாக் கிடக்கு. பையன் சின்ன வயசுலேர்ந்து பன்னி மேல உசிரா இருப்பான். வேற ஒண்ணுமில்லை. தங்கள் கண்ணுக்கு லூசியம்மாள் துணை.

எனக்கு மலைப்பக்கம் வேலை இருக்கு. நிறுத்திக்கிறேன்.

பிபியானா


லா ஹோயா
29 ஆகஸ்ட் 1879

என் கண்ணான நிக்கா,

உன்கிட்டேர்ந்து ஒரு வரிகூட வரலை. பேனா பிடிக்க முடியலைன்னா தோன் அபெலார்தோகிட்ட ஒரு சொல் போடச் சொல்லு, "இருக்கான்"னு. அது போதும் எனக்கு. என் முழங்கால் ரெண்டும் தோல் உரிஞ்சு போச்சு. அது நல்ல வலி, அதைப் பத்திக் கவலைப்படாதே.

பன்னிங்க சேதி சொல்றேன், கேளு. தொழுவம் மாறின தாய்ங்களைத் திருப்பணும்னா ஊரு சம்மதிக்கணும். ஊரு சாமியாரைப் பார்க்குது, சாமியார் பாவம்ங்கிறார். நான் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள்ள போய் மண்டி போட்டு எல்லாத்தையும் அவர் காதுல போட்டேன். அங்க சொன்னதை அவர் வெளிய சொல்ல முடியாதே. முழுக்கக் கேட்டார். அப்புறம், "பிபியானா, நான் தீர்த்தம் தெளிச்சதாலதானே அந்தப் பன்னிங்க அங்கயே நின்னுடுச்சு?"ன்னார். "ஆமாம் சாமி"ன்னேன். "அப்ப என் பங்கும் இருக்கு"ன்னார்.

மாதா மோட்சம் போன திருநாளன்னிக்கு ஓட்டிட்டுப் போனோம். முன்னாடி மணி, அதுக்குப் பின்னாடி சாமியார், அப்புறம் ரூஃபோ, பெத்ரோனிலா, ஊரு மொத்தமும், ஆளுக்கொரு பன்னியைத் தோள்ல சாத்திக்கிட்டு. கொட்டற மழை. அதைப் பன்னின்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் என் நாக்கைக் கடிச்சுக்கறேன் நிக்கா, மாதா கணக்குல வச்சுக்கட்டும்.

குட்டிங்களைப் புல்லு மூடிடுச்சு. நான் ஒரு நேர்த்திக்கடன் வச்சிருந்தேன், மலை முழுக்க முழங்காலாலயே நடக்கறேன்னு. கிழவி முழங்கால்ல போனா ஏன் தரையைத் தடவிட்டுப் போறான்னு யாரும் கேக்க மாட்டாங்க. பார்த்துட்டு மத்தப் பொம்பிளைங்களும் மண்டி போட்டாங்க. தடவிக்கிட்டே போறோம், உள்ளங்கையில ஆணித்தலை சுருக்குனு பட்டா, "இங்க இருக்கு என் செல்லம்"னு நான் கத்துவேன், தாயைக் கொண்டாந்து பக்கத்துல விடுவாங்க. பெத்ரோனிலா சேத்துல உக்காந்துக்கிட்டு, "என் வீட்டுக்காரன் செத்தப்பகூட நான் இவ்வளவு தூரம் மண்டி போடலைடி"ங்கிறா. ஆனா கடைசி வரைக்கும் வந்தா. அவளைப் பத்தி நான் முன்னாடி எழுதினதையெல்லாம் அடிச்சுடு.

சிவப்புத் தாடிப் பன்னி வியாபாரி எல்லாத்தையும் ஓரமா நின்னு பார்த்தார். கும்பிடறோம்னு நினைச்சுத் தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டார், தலையெல்லாம் நனைஞ்சுது. மறுவாரம் பெட்டியை வச்சுத் திரும்ப எண்ணினார். விசில் அடிச்சார். எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுக் கீழ அனுப்பியாச்சுன்னு கூலியாள் ஓடி வந்து சொன்னான். இந்தக் கடுதாசி வர்ற பையிலயே அதுவும் வருதோ என்னமோ. கதவு திறக்கும் நிக்கா. எழுந்து நிக்கப் பாரு. சோறு இறங்கலைன்னா கஞ்சியாவது குடி.

ஒரே ஒரு குறை. ஆத்துத்துறைக் குட்டி இருக்கு, அதோட தாயைக் காணோம். குட்டி இருக்கறதால வியாபாரிக்குக் கணக்கு இடிக்கலை. ஆனா அந்த ஒண்ணைத் தின்னது யாருன்னு தெரியாம விடமாட்டேன்னு நிக்கறார். நேத்து அதிகாரியோட ஆளுங்க வீடு வீடா வந்து அடுப்படி, பரண், கட்டிலுக்குக் கீழன்னு துழாவினாங்க. இங்க கிடைக்கலைன்னா கீழ உங்க பக்கமும் படுக்கை படுக்கையாத் துழாவச் சொல்லி எழுதியிருக்காராம். யார் கையில இருக்கோ அவனுக்கு விலங்குதானாம். ரூஃபோ ரெண்டு நாளா என்னைக் கண்டா வேற பக்கம் போறான். அவன்தானே மே மாசம் ஆத்துத்துறைத் தாயைத் தூக்கிட்டுப் போனவன்...

சரி, விடு. மழை கொஞ்சம் விட்டிருக்கு. சௌசௌ காய்ச்சுக் குலுங்குது. பந்தல் நடுவுல அது மறுபடி நிக்குது, நிக்கட்டும், நான் சுத்திப் போய்க்கறேன். நீ வந்ததும் சௌசௌ போட்டுக் குழம்பு வைக்கிறேன். தோன் அபெலார்தோவுக்கு வணக்கம். மாதா உன் கூடவே இருக்கட்டும்.

உன் அத்தை,
பிபியானா

மடிச்சுட்டேன், திரும்பப் பிரிக்கறேன். நான் குடுத்து விட்ட அந்தச் சின்னச் சிலுவை நிக்கா, அந்த மரத்துல வண்டு இருக்கும் போலிருக்கு, காய்ச்சலுக்கு ஆகாது. இதைப் படிச்ச கையோட எடுத்து அடுப்புல வச்சுக் காப்பி போட்டுக் குடி. ஓலையைப் பிரிக்காதே, ஓலையோடயே வை. மந்திரிச்சதாச்சேன்னு யோசிக்காதே, சாமியார்கிட்ட கேக்கலை, கேக்கவும் மாட்டேன், அந்தப் பாவம் என்னோடது. ரூஃபோகிட்ட மரத்துண்டு மிச்சம் இருந்துச்சுன்னு எழுதினேனே, அது எங்கேர்ந்து மிச்சம்னு இப்பத்தான் ஞாபகம் வருது: நாங்க துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துலேர்ந்து.